எட்டுப் பாகத்துத் தண்ணீர்

தூத்துக்குடி,
28 டிசம்பர்

அண்ணா,

சத்யப்ரியா எழுதுகிறேன். எனக்குச் சளியைத் தவிர வேறு குறை இல்லை. உனக்கும் அண்ணிக்கும் அதுவும் இல்லாமல் இருக்கட்டும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் கத்துகிறேன், நீ கட் பண்ணுகிறாய், வேலை கெடுகிறது. எப்படியும் நீ அனுப்பப்போகும் ஒவ்வொரு தண்ணீர்ப் பெட்டியோடும் பென்சிலில் ஒரு சீட்டு எழுதி வைத்தாக வேண்டும். அதனுடன் கடிதமும் வரட்டும்.

வண்டியும் ஆலையும் விடுகிற புகையில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் கடல் நீர் கொஞ்சம் கொஞ்சமாக அமிலப் பக்கம் நகர்கிறது. சூடும் ஏறுகிறது. நீ கூடு போட்டுப் பிடிக்கும் புறாமுட்டைச் சங்கு, கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக இருக்கும்போதே ஓடு கட்டத் தொடங்கிவிடும். வரப்போகிற கடலில் அந்த ஓடு நிற்குமா? இதுதான் என் கேள்வி. நான்கு தொட்டிகள் வைத்திருக்கிறேன். முதல் தொட்டியில் நம் கடல் இன்று இருக்கிறபடியே. இரண்டாவதில் அமிலம் கூட. மூன்றாவதில் சூடு கூட. நான்காவதில் இரண்டும்.

முதல் தொட்டிதான் அளவுகோல். அது சரியில்லை என்றால் மற்ற மூன்றும் குப்பை. ஜூனில் நான் முடிவைக் காட்டாவிட்டால் என் ஆராய்ச்சி இடம் போய்விடும்.

எனவே கவனி. கரைத் தண்ணீர் வேண்டாம். அதில் சேறு இருக்கும். எட்டுப் பாகம் ஆழத்தில் எடு, என் கணக்கில் அது பதினைந்து மீட்டர். வாரம் இரண்டு கேன். முட்டைப் பைகளை ஈரத்துணியில் சுற்றி அனுப்பு. நான் கொடுத்த உப்புமானியில் பார்த்து, முப்பத்து மூன்றுக்குக் கீழே இருந்தால் அனுப்பாதே, கொட்டிவிடுவேன்.

இன்னொன்று. மீன்வளத் துறைக்கு மனு எழுதிவிட்டேன். சங்கு அதிகமாக முட்டையிடும் மூன்று மாதம் யாரும் கூடு போடக் கூடாது என்று. முட்டையோடு இருக்கிற சங்கை அள்ளிச் சீனாவுக்கு அனுப்பும் தனக்கோடியின் பெயரையும் எழுதியிருக்கிறேன். பயந்து பயந்து எழுதுவதற்கா படித்தேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்.
சத்யா

*

மரக்காணம்,
6 ஜனவரி

தங்கை சத்யாவுக்குத் தமிழரசன்.

எல்லோரும் நல்லபடி இருக்கிறோம். அம்சாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது. உன் சளிக்குச் சுக்கு வைத்திருக்கிறேன். தொட்டியில் போட்டுவிடாதே.

பெட்டியைத் திண்டிவனம் பைபாஸில் ஆம்னி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். டிரைவர், "இன்னாபா இது, தண்ணி கேனா? தூத்துக்குடில கடல் இல்லையா?" என்று கேட்டார். "அங்க இருக்கிறது வேற கடலுங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கேனில் கல்லைக் கட்டி இறக்கி, அடியில் போன பிறகு தக்கையை இழுத்தேன். சரியாக எட்டுப் பாகம். முட்டைப் பைகளை அம்சா கூட்டு வலையிலிருந்து நகத்தால் கிள்ளி எடுத்தாள். ஒவ்வொன்றும் விரல் நகம் அளவு கண்ணாடிக் கிண்ணம் போல இருக்கிறது. இத்தனை நாள் இதைக் கரையில் சுரண்டிப் போட்டு மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறோம்.

தனக்கோடி பெயரை எழுதியிருக்க வேண்டுமா? துறைக்கு எழுதினால் ஊரில் தெரியாது என்று நினைக்கிறாயா?

சாப்பாட்டை விட்டுவிடாதே.
தமிழரசன்

*

தூத்துக்குடி,
17 ஜனவரி

அண்ணா,

சளி போய்விட்டது. சுக்குக்கு நன்றி என்று அண்ணியிடம் சொல். உன் கையெழுத்தில் அண்ணியின் யோசனை.

முதல் பெட்டியை ஒத்திகைக்கு எடுத்துக்கொண்டோம், முட்டை இங்கே பொரிகிறதா என்று பார்க்க. பொரிந்தது! ஆறாம் நாள் காலையில் பையின் மூடி திறந்து நூற்றுக்கணக்கில் வெளியே வந்தன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிறகு. அந்தச் சிறகின் ஓரத்து மயிரை அசைத்து நீந்துகிறது. முதுகில் கண்ணாடி போல ஒரு துளி ஓடு. அந்த ஓட்டைத்தான் இரண்டு வாரம் பார்த்துக்கொண்டே இருக்கப்போகிறேன்.

இனி வருவது நிஜ சோதனை. தவறாமல் வாரம் இரண்டு கேன்.

மனு விஷயம் பேப்பரில் வந்துவிட்டது, பார்த்தாயா? ஊர்ப் பெயரோடு, என் பெயரோடு. தனக்கோடி என்ன சொல்கிறார்? கோபப்படட்டும். அவருடைய குளிர்பெட்டிக்காக நம் கடலைக் காலி பண்ண முடியாது.

நேரத்துக்குத் தூங்குகிறேன், கவலை வேண்டாம்.
சத்யா

*

மரக்காணம்,
2 பிப்ரவரி

சத்யாவுக்கு,

நலம். பெட்டி ஐந்து நாள் தாமதமாகிவிட்டது, வேலை அப்படி.

இரண்டு கேன் வைத்திருக்கிறேன். உப்புமானியில் முப்பத்து நான்கு. சீட்டில் எழுதியிருக்கிறேன்.

இங்கே உப்பளத்தில் வேலை தொடங்கிவிட்டது. இந்த வருடம் மழை அதிகம், ஏரித் தண்ணீர் இன்னும் கழிமுகம் வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். காலில் செருப்பு போட்டால் பாத்தி கெட்டுவிடும் என்று மேஸ்திரி விடுவதில்லை. பெண்களின் குதிகாலைப் பார்த்தால் வெடித்த களிமண் போல இருக்கிறது. நீ இதைப் பற்றியும் ஒரு மனு எழுதலாம்.

ஒரு சந்தேகம். தண்ணீரில் உப்பு குறைந்தால் குஞ்சுக்கு என்ன ஆகும்? சும்மா கேட்டேன்.

தனக்கோடி ஒன்றும் சொல்லவில்லை.

தமிழரசன்

*

தூத்துக்குடி,
20 பிப்ரவரி

அண்ணா,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. தலை சூடாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை.

உப்பு குறைந்தால் குஞ்சு ஊதிச் சாகும். அதற்காகத்தான் உப்புமானி. உன் கேன் ஆறிலும் முப்பத்து நான்கு. உன்னைப் போல ஒழுங்காக எடுக்க இங்கே ஒரு ஆள் இல்லை. அதனால்தான் இப்போது எழுதப்போவதை என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

முதல் தொட்டியில் குஞ்சுகள் சாகின்றன. அமிலம் விடாத, சூடு ஏற்றாத, நம் கடல் இருக்கிறபடியே இருக்கிற தொட்டியில். ஓடு தாள் போல மெலிந்து, ஓரத்தில் பொத்தலாக இருக்கிறது. நூறில் இருபத்திரண்டுதான் மிச்சம். நான்காவது தொட்டியில் பதினாறு. வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்.

இதற்கு ஒரே அர்த்தம்தான். எண்பது வருடம் கழித்து வரும் என்று விஞ்ஞானிகள் சொன்ன கடல் மரக்காணத்துக்கு வந்துவிட்டது. இதற்குப் புகைவிட்டவன் எவனும் புறாமுட்டையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். செத்துப்போவது மட்டும் நம் வீட்டு வாசலில்.

மார்ச் 20 சென்னைக் கருத்தரங்கில் பேசப் பெயர் கொடுத்துவிட்டேன். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம், "இன்னொரு முறை செய்து பார்க்கலாமே" என்றார். மூன்று முறை எண்ணிவிட்டேன், போதும் என்றேன். தலைப்பு: 'மரக்காணம்: ஏற்கெனவே செத்த கடல்'.

படகு எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் நீ படகைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. உப்பளத்தைப் பற்றியே எழுதியிருந்தாய்.

சத்யா

*

மரக்காணம்,
26 பிப்ரவரி

சத்யாவுக்கு,

வெறும் வயிற்றில் யோசிக்காதே. முதலில் சாப்பிடு.

கடல் செத்துவிட்டது என்று அவசரப்பட்டுச் சொல்லாதே. நம் ஊர்ப் பிரபாகரன் படகில் நேற்றும் கூடு நிறைய சங்கு வந்தது. செத்த கடலில் இவ்வளவு எப்படி வரும்? மேடம் சொல்வது போல இன்னொரு முறை பார். என் தண்ணீர் வேண்டாம். வேறு யாராவது எடுத்த தண்ணீரில் பார்.

படகு கரையில்தான் இருக்கிறது. நன்றாக இருக்கிறது.

தமிழரசன்

*

தூத்துக்குடி,
3 மார்ச்

அண்ணா,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை, மன்னித்துக்கொள்.

"என் தண்ணீர் வேண்டாம்" என்றால் என்ன அர்த்தம்? தனக்கோடி உன்னை மிரட்டினாரா? "உன் தங்கச்சி பேசினா ஏற்றுமதி நின்னுடும்"னு சொன்னாரா? நீயும் தலையாட்டிவிட்டு வந்தாயா? ஊரில் எல்லா ஆண்களும் இப்படித்தான். கரையில் மீசை, வியாபாரி முன்னால் கைகட்டு. நீ அப்படி இல்லை என்று நினைத்திருந்தேன்.

நான் பேசத்தான் போகிறேன். கேன்களை அனுப்பிக்கொண்டே இரு.

சத்யா

*

மரக்காணம்,
7 மார்ச்

சத்யாவுக்கு உன் அண்ணி அம்சவல்லி.

நான் கடிதம் எழுதிப் பதினைந்து வருஷம் ஆகிறது, எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும். நீ நல்லா இருக்கிறாயா என்று கேட்க எனக்குக் கோபம் விடவில்லை. இருந்தாலும் நல்லா இரு.

உன் கடிதத்தை அவர் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார். ஆமாம், உப்பளத்துக்குத்தான். பேப்பரில் உன் பேர் வந்த நாலாம் நாள் ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. தனக்கோடி, "ஊர் சோத்துல மண்ணைப் போட்டுட்டு அங்க உட்கார்ந்து படிக்கிறா. இவன் இங்க அவளுக்கு முட்டை பொறுக்கித் தர்றான்" என்றார். பஞ்சாயத்துத் தலைவர் நாட்டார் குழந்தைசாமி, "ஏம்பா தமிழு, மனுவை வாபஸ் வாங்கச் சொல்லு. அதுவரைக்கும் உன் படகு தண்ணில எறங்கக் கூடாது" என்றார். வேறு யாரும் உன் அண்ணன் கேனைப் படகில் ஏற்றக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். உன்னிடம் சொன்னால் நீ வாபஸ் வாங்கிவிடுவாய் என்று அவர் சொல்லவில்லை. புரிகிறதா? நீ பயந்துபோய் வாபஸ் வாங்கக் கூடாது என்று ஆறு வாரமாக உப்புச் சுமக்கிறார். அவரைத்தான் நீ கைகட்டு என்று எழுதினாய்.

தண்ணீர் எட்டுப் பாகத்துத் தண்ணீர் இல்லை. உப்பளத்துக்குக் கடல் தண்ணி வரும் வாய்க்காலில் எடுத்தது. சேறில்லாமல் தெளிவாக இருக்கும். ஆனால் ஏரித் தண்ணி கலந்து உப்புமானியில் இருபத்திரண்டுதான் காட்டியது. நீ கொட்டிவிடுவேன் என்று எழுதியிருந்தாய். அதனால் போன வருஷத்து உப்பு அம்பாரத்திலிருந்து நல்லதாக அள்ளி, முப்பத்து நாலு வரும்வரை கலக்கினார். "கடல்லேர்ந்து வந்த உப்புதானே, கடலுக்கே திருப்பிப் போடறேன், அதுல இன்னா ஆயிடும்"னு சொன்னார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. உன் குஞ்சு அதனால்தான் செத்ததா என்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. அதையும் அவர் எழுத மாட்டார்.

முட்டைப் பை மட்டும் உண்மை. பிரபாகரன் கூட்டைச் சுரண்டிப் போடும் இடத்தில் நான் உட்கார்ந்து பொறுக்கினது.

அம்சவல்லி

*

தூத்துக்குடி,
11 மார்ச்

அண்ணா,

அண்ணியின் கடிதம் வந்தது. நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை நிஜமாகக் கேட்கிறேன்.

முதலில் உன்னைத் திட்டுகிறேன். சொல்லியிருக்க வேண்டும். பிறகு என்னைத் திட்டிக்கொள்கிறேன். ஆறு கேனிலும் ஒரே முப்பத்து நான்கு. எந்தக் கடல் அப்படி இருக்கும்? முப்பத்து மூன்றரை வரும், முப்பத்தைந்து வரும். நான் எண்ணைப் பார்த்தேனே தவிர, அது ஏன் அசையவில்லை என்று பார்க்கவில்லை. எனக்குப் பிடித்த பதில் கிடைத்ததும் கேள்வியை நிறுத்திவிட்டேன். அந்தக் கைகட்டு வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. அழித்துவிட முடியாது, பென்சிலில் எழுதவில்லை.

மிச்சத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தைச் சோதித்தேன். கடலில் இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. உப்பளத்தில் தண்ணீர் சுண்டும்போது முதலில் படிவது உப்பு இல்லை. முதல் பாத்திகளிலேயே தரையில் வெள்ளைப் பொருக்காக ஒன்று படியுமே, அதுதான் சுண்ணாம்புச் சத்து. அதற்குப் பிறகு கடைசிப் பாத்தியில் விழுவது வெறும் உப்பு. அதை எவ்வளவு போட்டாலும் உப்புமானி ஏறும், குஞ்சுக்கு ஓடு கட்டச் சுண்ணாம்பு ஏறாது. செங்கல் இல்லாமல் வீடு கட்டச் சொல்லியிருக்கிறோம்.

மேடம், "பிப்ரவரியை விட்டுவிடு, பேச்சை ரத்து பண்ணு, யாருக்கும் தெரியாது" என்றார். "தலைப்பு அச்சாகிவிட்டது, மேடம்" என்றேன். நான் மேடையில் ஏறி அது தப்பு என்றே சொல்லப்போகிறேன்.

மனுவை வாபஸ் வாங்க மாட்டேன். நீ எதற்காகச் சுமந்தாயோ அது வீணாகாது. ஆனால் ஏப்ரலோடு முட்டை முடிந்துவிடும். எனக்கு எட்டுப் பாகத்துத் தண்ணீர் வேண்டும். எப்படி என்று தெரியவில்லை.

சத்யா

*

மரக்காணம்,
18 மார்ச்

சத்யாவுக்கு,

நலமாக இருக்கிறேன், இரண்டு மாதத்தில் முதல் முறையாக இதைப் பொய் இல்லாமல் எழுதுகிறேன்.

வெள்ளைப் பொருக்கு எனக்குத் தெரியாதா? முதல் பாத்தியில் அதை மிதித்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன். உள்ளங்காலைக் கிழித்தது அதுதான். கடலில் இருந்து அது பிரிகிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

நீ மேடையில் சொல்லும் முன்னால் நான் ஊரில் சொல்லிவிடலாம் என்று பஞ்சாயத்துக்குப் போனேன். உப்பு கலந்ததைச் சொன்னேன். குழந்தைசாமி, "டேய், கடலுக்கே உப்பு போட்டியாடா?" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் "சாம்பார்னு நெனச்சிட்டான்" என்றான். தனக்கோடி சிரிக்கவில்லை. "அப்போ உன் தங்கச்சி ஆராய்ச்சி பொய்னு ஆயிடுச்சில்ல? மனுவும் பொய்தான்" என்றார்.

"தண்ணிதாங்க பொய். ஆராய்ச்சி இன்னும் நடக்கவே இல்ல" என்றேன். "கடல் நல்லாத்தான் இருக்குதுன்னு நீங்க சொல்றீங்க. அதையே நிரூபிக்கலாம். என் படகை எறக்க விடுங்க. வலை எடுத்துட்டுப் போகல, கேன் மட்டும். உங்க ஆளே கூட வரட்டும். எட்டுப் பாகமா இல்லையான்னு கயித்தை அவரே அளக்கட்டும், சீட்டுல அவரே கையெழுத்து போடட்டும். வர்ற முடிவு எதுவா இருந்தாலும் நீங்களும் ஒத்துக்கணும்."

தனக்கோடி யோசித்தார். கடல் மேல் அவருக்கு நம்பிக்கை. "செரி" என்றார்.

அவருடைய கணக்குப்பிள்ளை பக்தவச்சலம் வந்தார். வழியெல்லாம் வாந்தி. ஆனாலும் கயிற்றைத் தன் கையால் அளந்தார். சீட்டில் அவர் கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், சந்தேகப்படாதே. உப்புமானியில் முப்பத்து மூன்றரை.

தமிழரசன்

*

தூத்துக்குடி,
14 ஏப்ரல்

அண்ணா, அண்ணி,

இருவருக்கும் புத்தாண்டு வாழ்த்து. நான் நன்றாக இருக்கிறேன், மூன்று வேளையும் சாப்பிடுகிறேன்.

சென்னையில் முதல் படமாக என் தலைப்பையே காட்டி, "இது தப்பு, எப்படித் தப்பானது என்று சொல்கிறேன்" என்றேன். பின்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். முன்வரிசையில் ஒரு வயதான அம்மா கடைசிவரை குறிப்பெடுத்தார். எனக்கு அது போதும்.

இப்போது முடிவு. பக்தவச்சலம் கையெழுத்திட்ட தண்ணீரில், மூன்று முறை தனித்தனியாகச் செய்தது. மேடமும் எண்ணினார். நூறு குஞ்சில் ஓடு கட்டி அடியில் இறங்கியவை: நம் கடல் இருக்கிறபடி எண்பத்தொன்று. அமிலத்தில் ஐம்பத்து நான்கு. சூட்டில் அறுபத்திரண்டு. இரண்டும் சேர்ந்ததில் பதினெட்டு.

இதைத் தனக்கோடியிடம் அப்படியே படித்துக்காட்டு. கடல் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. இதை என் பெயர் போட்டே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த வரியையும் படி. பிப்ரவரியில் நான் எழுதியது நிஜமாக இருந்தால், கரையில் சுரண்டிப் போடும் முட்டையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை, எப்படியும் சாகப்போவது. அது நிஜமில்லை. இன்றைக்கு மணலில் காய்கிற நூறு குஞ்சில் எண்பத்தொன்று பிழைத்திருக்கும். புகையை நிறுத்த நம் ஊரால் முடியாது, அதற்கு வேறு இடத்தில் சண்டை போடுகிறேன். இந்த எண்பத்தொன்றைக் கொல்வது புகை இல்லை, நாம்.

சத்யா

*

மரக்காணம்,
21 ஏப்ரல்

சத்யாவுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தைப் பஞ்சாயத்தில் நானே படித்தேன். "என் பெயர் போட்டே ஒத்துக்கொள்கிறேன்" என்ற இடத்தில் குழந்தைசாமி, "இன்னொரு தபா படி" என்றார். அடுத்த வரியை யாரும் கேட்காமலே இரண்டு தடவை படித்தேன்.

நீ கடிதத்தோடு திருப்பி அனுப்பிய சீட்டைத் தனக்கோடி வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். பக்தவச்சலத்தைப் பார்த்தார். "எட்டுப் பாகம்தாங்க, நானே அளந்தேன்" என்றார் அவர். தனக்கோடி சீட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

என் படகுக்குத் தடை நீங்கியது. முட்டைப் பையைக் கரையில் சுரண்டக் கூடாது, கூட்டைப் போட்ட இடத்திலேயே உதறிவிட்டு வர வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. மூன்று மாதம் நிறுத்துவதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் என்று ஒரு பக்கம், பதினைந்து நாள் என்று ஒரு பக்கம். முடியவில்லை, வெள்ளிக்கிழமை திரும்பக் கூடுகிறது.

அம்சா பேச எழுந்தாள். "பொம்பளைங்க பஞ்சாயத்துல பேசற வழக்கம் இல்லையேம்மா" என்றார்கள். "அந்த முட்டையை ரெண்டு மாசம் பொறுக்கினது எந்த ஆம்பளை, கையைத் தூக்கச் சொல்லுங்க" என்றாள். யாரும் தூக்கவில்லை. அவள் பேசினாள்.

வெள்ளிக்கிழமை நீ வா. மூன்று மாதம் ஏன் என்று நீயே சொல். கத்தினாலும் பரவாயில்லை, அங்கே கட் பண்ண முடியாது. உனக்கு இடம் போட்டு வைக்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்சா, "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று ஊரில் இருக்கிற பெண்களை எல்லாம் கூப்பிடப் போயிருக்கிறாள்.

தமிழரசன்